கடற்காகமும் நம்மூர்க் காகமும்

இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் என் அண்ணன் மகன் போன சித்திரையில் போன் செய்தான். "சித்தப்பா, கடற்காகத் தொல்லை தாங்க முடியவில்லை. கூரையில் கூடு கட்டியிருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கே கத்தல். குழந்தை கையில் வைத்திருந்த சிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே வாரம்தான் மீஞ்சூரில் எங்கள் மாடியில் துணி உலர்த்தப் போன என் மனைவியின் உச்சந்தலையில் காகம் ஒன்று கொத்தியிருந்தது. "உனக்குக் கடற்காகம், எனக்கு வெறும் காகம். அவ்வளவுதான்டா வித்தியாசம்" என்றேன்.

கடற்காகம் நமக்கும் தெரிந்த பறவைதான். ஐப்பசி, கார்த்திகையில் பழவேற்காடு போனவர்கள் பார்த்திருப்பீர்கள். படகுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகச் சுற்றும். ஆனால் அவை விருந்தாளிகள். அவற்றில் பழுப்புத் தலை வகை லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு மட்டும் இங்கே வருகிறது. வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். நம் வீட்டு மாடி அதற்குத் தேவையில்லை.

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழி. சிறிய கடற்காகம் 'முவெத்', பெரியது 'கொவேலான்' என்று வாத்தியார் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். நமக்கு எல்லாமே கடற்காகம்தான். அந்தப் பெயரைச் சூட்டிய நம் முன்னோருக்கு இரண்டின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் மனிதன் கொட்டுவதைத் தின்று பிழைக்கக் கற்றவை.

இங்கிலாந்துக் கடற்காகம் முன்பு பாறைச் சரிவுகளில்தான் கூடு கட்டியது. கூரைக்கு அது குடிவந்தது போன நூற்றாண்டில். 1956-இல் அங்கே காற்றைச் சுத்தமாக வைக்க ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு குப்பைமேட்டில் குப்பையை எரிப்பது நின்றது. எரியாத குப்பையில் ஆண்டு முழுவதும் தீனி கிடைத்தது. பறவை ஊருக்குள் பெருகியது. 2015-இல் பிரதமர் டேவிட் கேமரூனே இதைப் பற்றிப் பேசும் நிலை வந்தது. இதற்கு நடுவே, நாடு முழுவதும் கணக்கெடுத்தால் அந்தப் பறவை குறைந்துகொண்டே வருகிறதாம். அதனால் உரிமம் இல்லாமல் கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது சட்டம். என் அண்ணன் மகன் குடை பிடித்துக்கொண்டு காருக்குப் போகிறான்.

நம் காகத்தின் கதை இதைவிடப் பெரியது. கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் வீட்டுக் காகத்துக்கு 1817-இல் அறிவியல் பெயர் வைத்தவர் வியெயோ என்ற பிரெஞ்சுக்காரர். 'கார்வஸ் ஸ்பிளெண்டென்ஸ்', அதாவது ஒளிவீசும் காகம். அவர் மாடியில் துணி உலர்த்தியிருக்க மாட்டார்.

1890-களில் இந்தக் காகத்துக்கு வெளிநாட்டு உத்தியோகம் கிடைத்தது. ஆப்பிரிக்கக் கரையோரத்து சான்சிபார் தீவில் தெருக் குப்பை மலிந்திருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் இந்தியாவிலிருந்து காகங்களை வரவழைத்து அங்கே விட்டார்கள். அதே காலத்தில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் காகங்கள் போயின. காப்பித் தோட்டத்தில் கம்பளிப்புழுவைத் தின்ன வேண்டும் என்பது அவற்றுக்கிட்ட வேலை. அந்தத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களும் கப்பலேறிய காலம் அது.

காப்பி போய் ரப்பர் வந்தது. காகம் போகவில்லை. கிள்ளானில் துப்பாக்கி வைத்துச் சுட்டார்கள். சிங்கப்பூரிலும் பல ஆண்டுகள் சுட்டார்கள். சான்சிபாரிலிருந்து அது கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுவதும் பரவியது. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, கோழிக்குஞ்சைத் தூக்குகிறது என்று புகார். 2024 ஜூனில் கென்ய அரசின் வனவிலங்குத் துறை, அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. அங்கே அதன் பெயரே இந்தியக் காகம்.

நான் ஆயுள் முழுவதும் குமாஸ்தாவாக இருந்தவன். என் கண்ணுக்கு இது ஒரு சர்வீஸ் கோப்பாகத்தான் தெரிகிறது. துப்புரவுக்கென்று நியமித்தார்கள். இடமாற்றம் செய்தார்கள். பிறகு மெமோகூடக் கொடுக்காமல் தண்டித்தார்கள். நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காகத்தை எலியோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர் என்று வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. ஐம்பது ஆண்டு கழித்துப் பெயரில் இருந்த கறை போயிற்று.

இனி எங்கள் வீட்டு வழக்கு. வாசல் வேப்பமரத்தில், குச்சியும் துருப்பிடித்த கம்பியுமாகக் கூடு. மனைவிக்குப் பிறகு பால்காரர், அடுத்து பக்கத்து வீட்டுப் பையன் என்று வரிசையாகக் கொத்து வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நீளமான கழியோடு வந்துவிட்டார். "சார், ஒரே தள்ளு, வேலை முடிந்தது" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். கொத்து வாங்கிய என் மனைவிதான் தடுத்தாள். "ஏங்க, அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டு, வராவிட்டால் வா வா என்று கெஞ்சுகிறோம். குஞ்சு பறக்கிறவரைக்கும் மூன்று வாரம் பொறுக்க முடியாதா?" என்றாள். பழைய குடையை மாடிக் கதவில் மாட்டி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கூட்டை விட்டு வெளியே வந்தவற்றில் ஒன்றின் குரல் வேறு. குயில் குஞ்சு! தன்னுடையது அல்லாத ஒரு பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தக் காகம் தெருவையே எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறது. கழியோடு வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் நின்று பார்த்தார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் செய்தது ஒன்றே. தெருமுனையில் மீன் கழிவும் சாப்பாட்டு இலையும் கொட்டும் இடத்தை வீடு வீடாகப் பேசி நிறுத்தினோம். குப்பையை மூடி போட்ட வாளியில் வைத்து, வண்டி வரும்போது கொடுக்கிறோம். காகக் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. வேப்பமரத்து ஜோடி மட்டும் இருக்கிறது. இந்தச் சித்திரைக்கும் குடையைத் தட்டி எடுத்து வைத்திருக்கிறோம்.