பத்து ஆராங்கும் பத்து வெள்ளியும்

தேசம் ஒன்று தன் எரிபொருளை மாற்றிக்கொள்ளும்பொழுது, பழைய எரிபொருளை வெட்டியும் சுமந்தும் பிழைத்தவர்களின் கதி என்னவாயிற்று என்னும் கேள்வியைச் சரித்திர நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நிலக்கரி போயிற்று, எண்ணெய் வந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே சென்றுவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் எத்தனை குடும்பங்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை அறிய வேண்டுமானால், சிலாங்கூரிலுள்ள பத்து ஆராங் என்னும் ஊரின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். இன்று நம் ஜோகூரில் நிலக்கரி போய்ச் சூரிய ஒளி வரத் தொடங்கியிருக்கும் வேளையாதலின், அவ்வரலாறு நமக்கு மிகவும் அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

மலாய் மொழியில் ‘பத்து ஆராங்’ என்றாலே நிலக்கரி என்றுதான் பொருள். 1915 முதல் மலாயன் காலியரீஸ் கம்பெனி அங்கே கரி வெட்டியது. ரெயில் வண்டிகளும் மின்சார நிலையங்களும் ஈயச் சுரங்கங்களும் அந்தக் கரியினால் ஓடின. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் ஜாவானியரும் அங்கே உழைத்தனர். 1936-இன் இறுதியிலும் 1937 மார்ச்சிலும் அவர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சர்க்கார் போலீஸ் படையை அனுப்பி அதை அடக்கியது. யுத்தத்திற்குப் பின் எண்ணெய் வந்தது. ரெயில்வே கரியைக் கைவிட்டது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊர் சுருங்கிற்று, மக்கள் பிழைப்புத் தேடிப் பல திசைகளிலும் கலைந்தனர். புதிய எரிபொருளால் லாபம் பெற்றவர் ஒரு சாரார். பழைய எரிபொருளோடு வேலையை இழந்தவர் வேறொரு சாரார். இருவருக்கும் இடையே கணக்குத் தீர்ப்பார் எவருமில்லை.

அதே 1960-ஆம் ஆண்டில் நம்மவரிடையே நடந்த மற்றொரு காரியத்தை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். 1951 முதலே வெள்ளைக்காரர் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றனர். வேலையும் வீடும் ஒரே நாளில் போகக்கூடிய தொழில் தோட்டத் தொழில். ஆதலின் துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயத்து மக்கள் இரண்டையும் இழந்தனர். அந்த நிலையில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளி பத்து வெள்ளி கட்டி அதில் சேரலாம். தோட்டந்தோறும் சென்று அவர் அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார். மறுவருஷமே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பால் வெட்டியவனே பங்குதாரனானான்.

சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றிவிடவில்லை என்பது உண்மை. எனினும், மனு எழுதிக் கையேந்தி நிற்பதற்கும், சிறு தொகைகளைச் சேர்த்து மூலதனமாக்குவதற்கும் உள்ள வேற்றுமையை அது காட்டிற்று. பத்து ஆராங்கில் ஒற்றுமை இருந்தது, பங்கு இல்லை. ஆகவே கதவு மூடிய பின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பணம் மட்டும் போதுமா? ஆளும் வேண்டும். அதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. 1946, 1947 ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையில் நிறைந்திருந்தவர்கள் வாலிபர்களே. சம்பள நாளன்று கூலியை விழுங்கிக்கொண்டிருந்த கள்ளுக்கடைகளின் முன் அவர்கள் மறியல் செய்தனர். அவர்களுக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் தோட்டத்தில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார், அது எந்த வழியில் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பணம் போகும் வழியை முதலில் கண்டுகொள்வது எக்காலத்து வாலிபர்க்கும் முதற்பாடமாகும்.

இனி ஜோகூருக்கு வருவோம். பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பின்னில் 2,100 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றும், அதனருகே 2016-இல் தொடங்கிய 1,000 மெகாவாட் நிலையம் ஒன்றும் உள்ளன. இனிப் புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டுவதில்லை என்று அரசாங்கம் 2021-இல் அறிவித்தது. 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 சதவிகிதம் வெயில், நீர் முதலியவற்றினின்று வர வேண்டும் என்கிறது. கூலாயில் 1,640 ஏக்கர் கொண்ட கூலாய் யங் தோட்டம் கைமாறி, அங்கே தகவல் மையப் பூங்கா எழும்பியுள்ளது. 500 மெகாவாட் வரை சூரிய மின்சாரம் எடுப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த நிலத்தில் இப்பொழுது கண்ணாடித் தகடுகளின் காலம் வருகிறது.

மாற்றம் நல்லதே, புகையை விரும்புவார் யார்? ஆனால் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தோடு பழகிய கிராணிமார்களாகிய நாம் இரண்டு கணக்குகளைக் கேட்காமல் இருக்க முடியாது. முதலாவது ஆட்கணக்கு. ஒரு தோட்டத்துக்கு உள்ளே எத்தனையோ கை வேண்டும்; தகடுகளைத் துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். இன்று செம்பனை அறுக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அக்கணக்கில் சேர்ந்தவர்களே. இரண்டாவது பணக்கணக்கு. 2050 வரை இம்மாற்றத்துக்கு 1.2 லட்சம் கோடி ரிங்கிட்டுக்குக் குறையாத முதலீடு வேண்டும் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. 2023-இல் அதற்கென விதை நிதியாக அறிவித்தது 200 கோடி.

எஞ்சியதை யார் போடுவது, லாபம் யாருக்கு? 2011-இல் இயற்றிய சட்டத்தின்படி, மின்கட்டணத்தோடு ஒரு சதவிகிதமும், 2014 முதல் 1.6 சதவிகிதமும் சேர்த்து வசூலித்து, சூரிய மின்சாரம் விற்பவர்க்கு நல்ல விலை கொடுத்தனர். மாதம் 300 யூனிட்டுக்குள் செலவழித்த வீடுகளுக்கு விலக்கு அளித்தது நியாயமே. ஆனால் விற்றுப் பயன்பெறச் சொந்தக் கூரையும் கையில் முதலும் வேண்டும். லயத்திலும் அடுக்குமாடி வாடகை வீட்டிலும் இருப்பவனுக்குக் கூரை ஏது? பட்டணத்துச் சிறு கடைக்காரர் கட்டணத்தோடு கொடுத்த காசு, மாளிகைக் கூரைக்குச் சென்றது.

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும். ஜெர்மனி தன் கடைசிக் கருங்கரிச் சுரங்கத்தை 2018-இல் மூடியது. பழுப்புக் கரி வெட்டும் வட்டாரங்களின் புதுவாழ்வுக்கு 4,000 கோடி யூரோ வரை கொடுப்பதாக 2020-இல் சட்டமே இயற்றியது. 2015-இன் பாரிஸ் உடன்படிக்கையும் தொழிலாளர்க்கு நியாயமான மாற்றம் வேண்டும் என முகவுரையிலேயே கூறுகிறது. நியாயம் தானாக வரவில்லை. சங்கங்கள் கேட்டன, ஆகவே வந்தது.

நம் வாலிபர்கள் செய்யத்தக்கவை மூன்று. தொழில் கற்க வேண்டும்: பத்து பஹாட், பாசிர் கூடாங் முதலிய இடங்களில் அரசாங்கப் பயிற்சிக் கழகங்கள் உள்ளன, வயர்மேன், சார்ஜ்மேன் அத்தாட்சி பெற்றவன் தகடு துடைப்பவனாகவே நின்றுவிட மாட்டான். பங்கு சேர்க்க வேண்டும்: தமிழ்ப்பள்ளிக் கூரையும் மண்டபக் கூரையும் ஊர்ப் பொதுவானவை; கூரையில்லாத பல குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, பத்து வெள்ளி முறையில் அவற்றின்மேல் மின்சாரம் எடுக்க முயலலாம். கேள்வி கேட்க வேண்டும்: பதினெட்டு வயதினர் இந்நாட்டில் முதன்முதல் வாக்களித்த தேர்தல், 2022 மார்ச் 12-இல் நடந்த நம் ஜோகூர் சட்டமன்றத் தேர்தலே. வாக்குக் கேட்டு வருகிறவரிடம், “எங்கள் தோட்டம் கைமாறினால் வீடும் பயிற்சியும் யார் பொறுப்பு? எழுதிக் கொடுப்பீரா?” என்று ஒவ்வொரு வாலிபனும் வாலிபப் பெண்ணும் கேட்கட்டும்.

சுரங்கம் மூடிய பின் கேட்டுப் பயனில்லை என்பதைப் பத்து ஆராங் சொல்லிவிட்டது. தஞ்சோங் பின்னில் உலை இன்னும் எரிந்துகொண்டிருக்கும் இப்பொழுதே கேட்டுவிட வேண்டும்.