கோவிட்-19 நோயால் இறந்தோரின் அடக்கப் பணி (தமிழ்நாடு)

கோவிட்-19 நோயால் இறந்தோரின் அடக்கப் பணி என்பது 2020, 2021 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கொரோனா தீநுண்மித் தொற்றால் உயிரிழந்தவர்களின் உடல்களைப் புதைப்பதிலும் எரியூட்டுவதிலும் சமயத் தொண்டு அமைப்புகள் ஆற்றிய சேவையைக் குறிக்கும். உணவுப் பொட்டலமும் மருந்தும் வழங்க அக்காலத்தில் பலர் முன்வந்தனர். இறந்தவரின் உடலைத் தூக்க முன்வந்தவர்கள் சிலரே.

பின்னணி

தமிழ்நாட்டில் இந்நோய் உறுதி செய்யப்பட்ட முதல் நபர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய அவருக்கு 2020 மார்ச் 7 அன்று தொற்று அறியப்பட்டது. முதல் இறப்பு மார்ச் 25 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அன்றே நாடு தழுவிய ஊரடங்கும் தொடங்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் சிப்காட் பகுதிகளில் பிற மாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் வசிக்கின்றனர். தொடர்வண்டிகள் நின்றுவிட்ட அந்நாட்களில், இங்கு ஒருவர் இறந்தால் சொந்த ஊரிலிருந்து உறவினர் வந்து சேர வழியில்லை. உள்ளூரில் இறந்தவர்களின் குடும்பத்தினரும் பெரும்பாலும் தனிமைப்படுத்தப்பட்டிருந்தனர்.

இறந்த உடலால் நோய் பரவும் என்னும் அச்சம் பரவலாக இருந்தது. ஆயினும் இந்திய நடுவண் அரசின் நலவாழ்வுத் துறை 2020 மார்ச் 15 அன்றே தெளிவான வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. கசிவில்லாத பையில் இடப்பட்டு, வெளிப்புறம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலால் துடைக்கப்பட்ட உடலைப் புதைக்கவோ எரிக்கவோ தடையில்லை; உறவினர் ஒருமுறை முகம் பார்க்கலாம்; உடலைத் தொடாமல் சமயச் சடங்குகள் செய்யலாம்; சாம்பலால் தீங்கில்லை என அது கூறியது. உலக நலவாழ்வு அமைப்பும் அம்மாத இறுதியில் இதே கருத்தைத் தெரிவித்தது. அறிவியல் அனுமதித்ததை அக்கம்பக்கம் அனுமதிக்கவில்லை என்பதே அடுத்த மாத நிகழ்வுகளின் சுருக்கம்.

எதிர்ப்பும் சட்டமும்

2020 ஏப்ரல் 13 அன்று சென்னையில் உயிரிழந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூரில் எரியூட்ட எதிர்ப்பு எழுந்ததால், உடல் வேறிடம் கொண்டு செல்லப்பட்டது. ஏப்ரல் 19 அன்று நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தார். கீழ்ப்பாக்கம் கிறித்தவக் கல்லறையில் எதிர்ப்பு ஏற்பட்டதால் அவரது உடல் அண்ணா நகர் வேலங்காடு இடுகாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்குத் திரண்ட கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியதில் ஊர்தி சேதமடைந்தது, ஓட்டுநர்கள் காயமுற்றனர். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் காவல்துறைப் பாதுகாப்புடன் நள்ளிரவில் திரும்பி வந்து, தாமே மண்வெட்டி பிடித்து நண்பரைப் புதைத்தார்.

சென்னை உயர்நீதிமன்றம் மறுநாளே இதனைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 26 அன்று தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தப்பட்டது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இத்திருத்தம் வழிசெய்தது. எனினும் சட்டம் தடுப்பவரைத் தண்டிக்கலாமேயன்றித் தூக்குவதற்கு ஆள் தர இயலாது. அவ்விடத்தை நிரப்பியவை தொண்டு அமைப்புகளே.

சமய அடிப்படை

இறந்தவரை அடக்கம் செய்வது இசுலாத்தில் 'ஃபர்ளு கிஃபாயா' எனப்படும் சமூகக் கடமையாகும். சிலர் செய்தால் அனைவரும் கடமையிலிருந்து விடுபடுவர். எவரும் செய்யாவிடில் அனைவர் மீதும் குற்றம் சாரும். கத்தோலிக்க மரபில் இறந்தோரை அடக்கம் செய்தல் உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்களுள் ஒன்று. விவிலியத்தின் தோபித்து நூல் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். இந்து மரபில் ஆதரவற்றோரின் உடலைத் தகனம் செய்தல் பெரும் வேள்விக்கு ஒப்பானதாகக் கருதப்படுகிறது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி இதனைத் தம் சொற்பொழிவுகளில் வலியுறுத்தியவர்.

பணி நடந்த முறை

1995 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) இப்பணியில் பரவலாக அறியப்பட்டது. முன்பிருந்தே அவசர ஊர்திகளை இயக்கி வந்ததால், ஊர்தியும் ஓட்டுநரும் பழகிய தொண்டர்களும் அதனிடம் ஆயத்தமாக இருந்தனர். பாப்புலர் பிரண்ட் ஆப் இந்தியா அமைப்பின் உறுப்பினர்களும் இப்பணியில் ஈடுபட்டனர் (இவ்வமைப்பு 2022 செப்டம்பரில் நடுவண் அரசால் தடைசெய்யப்பட்டது). இவர்கள் இந்துக்கள், கிறித்தவர்கள் ஆகியோரின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தனர்.

மருத்துவமனையில் பையிலிட்டுத் தரப்படும் உடலைச் சிறு குழுவினர் முழுக்கவச உடையணிந்து பெற்றுக்கொள்வர். புதைப்பதாயின் ஆழமான குழியில் கயிறு கட்டி மெதுவாக இறக்குவர். சென்னை வெயிலில் காற்றுப் புகாத அவ்வுடையை அணிந்து வேலை செய்வதே பெருந்துன்பம். கயிறு கட்டி இறக்குவது சிறு செய்தியாகத் தோன்றலாம். 2020 சூன் மாதம் புதுச்சேரியில் பணியாளர்கள் ஓர் உடலைக் குழிக்குள் வீசியெறிந்த காணொளி வெளியானபோது அதன் பொருள் அனைவருக்கும் விளங்கியது.

இத்தொண்டர்கள் பணியாற்றிய சூழலும் கருதத்தக்கது. 2020 மார்ச்சில் தில்லி நிசாமுதீனில் நடந்த தப்லீக் மாநாட்டிற்குச் சென்று திரும்பியவர்களிடம் தொற்று கண்டறியப்பட்டதால், முசுலிம்கள் மீதே பழி சுமத்தும் போக்கு எழுந்தது. நோய்க்குச் சமயச் சாயம் பூச வேண்டாம் என அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. நோயைப் பரப்புவோர் எனத் தூற்றப்பட்ட சமூகத்தின் இளைஞர்களே, பிறர் தொட அஞ்சிய உடல்களைச் சுமந்தனர்.

இரண்டாம் அலை

2021 ஏப்ரல், மே மாதங்களில் இறப்புகள் பன்மடங்கு பெருகின. திருப்பெரும்புதூர் ஆலையின் ஆக்சிசனில் 80 டன்னை ஆந்திரா, தெலங்கானா மாநிலங்களுக்கு ஒதுக்கியதை நீக்கக் கோரி முதலமைச்சர் ஏப்ரல் 25 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மே மாத இறுதியில் தொழிலாளர்களின் அச்சத்தை அடுத்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம் ரெனோ-நிசான் ஆலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. இம்முறை அடக்கத்திற்கு எதிர்ப்பு குறைந்திருந்தது. சுடுகாட்டில் காத்திருக்கும் நேரம் நீண்டிருந்தது.

இலங்கை நிலை

தமிழ்நாட்டில் தடை மக்களிடமிருந்து வந்தது. இலங்கையில் அரசிடமிருந்தே வந்தது. 2020 ஏப்ரல் 11 அன்று வெளியான வர்த்தமானி அறிவித்தல் இந்நோயால் இறந்த அனைவரையும் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. இதனால் முசுலிம் குடும்பங்கள் தம் சமயத்திற்கு மாறாக உடல்களை எரிக்க ஒப்படைக்க நேர்ந்தது. 2021 பிப்ரவரியில் இவ்விதி தளர்த்தப்பட்டு, மார்ச் முதல் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. கட்டாய எரிப்பிற்காக இலங்கை அமைச்சரவை 2024 சூலையில் மன்னிப்புக் கோரியது.