சண்டியரின் சாட்சி யார்?

தென்கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 2002 ஜூலை முதல் 2003 செப்டம்பர் வரை, வாரத்தில் திங்களும் செவ்வாயும் ‘யாயின் சிடே’ என்ற தொடர் ஓடியது. மொத்தம் 124 அத்தியாயங்கள். கதாநாயகன் கற்பனை ஆள் அல்ல. 1918ல் பிறந்து, ஜப்பானிய ஆட்சியின் கீழ் இருந்த சியோல் நகரின் ஜோங்னோ கடைத்தெருவைக் கைக்குள் வைத்திருந்து, பின்னால் இரண்டு முறை நாடாளுமன்ற உறுப்பினராகி, 1972ல் இறந்த கிம் டூ-ஹான்தான் அவர். இளமைக் காலத்தை ஆன் ஜே-மோ நடித்தார். விடுதலைக்குப் பிந்தைய காலத்தைக் கிம் யோங்-சொல் நடித்தார். எழுதியவர் லீ ஹ்வான்-க்யோங். இடைக்கால மன்னர்களைப் பற்றிய ‘தேஜோ வாங் கொன்’ என்ற பெரும் தொடரை அதற்குச் சற்று முன்புதான் எழுதி முடித்திருந்தார். அரசர்களுக்குரிய அதே கம்பீரத்தை ஒரு தெருச் சண்டியருக்கும் அவர் கொடுத்தார். முதல் பாகம் உச்சத்தில் இருந்தபோது பார்வையாளர் விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது.

கொரிய வரலாற்றைப் படிப்பவன் என்ற முறையில் இந்தத் தொடரை நான் ஒரே ஒரு கேள்வியோடு அணுகினேன். ஒவ்வொரு முக்கியமான காட்சிக்கும் முதல் சாட்சி யார்? அந்தச் சம்பவத்தை முதலில் சொன்னது யார், எந்த ஆண்டில், யாரிடம்? திரையிலிருந்து பின்னோக்கி நடந்து, ஆவணம் கிடைக்கும் இடம்வரை போய்ப் பார்ப்பதுதான் வேலை.

பின்னோக்கி ஒரு பாதை

முதல் பாகத்தின் சண்டைகளை எடுத்துக்கொண்டேன். சூப்யோ பாலத்தடியில் பிச்சைக்காரப் பிள்ளைகளோடு வளரும் சிறுவன். ஊமிக்வான் திரையரங்கைச் சுற்றி நடக்கும் அதிகாரப் போட்டி. கூமாஜோக், ஷின்மாஜோக் என்ற பட்டப்பெயர் கொண்ட மூத்த சண்டியர்களை வீழ்த்தும் இளைஞன். ஜப்பானியர் வாழ்ந்த பகுதியில் கோலோச்சிய ஹயாஷியோடு மோதல்.

இந்தக் காட்சிகளுக்கு முன்னோடி 1990ல் இம் க்வோன்-டேக் இயக்கிய ‘ஜெனரலின் மகன்’ திரைப்படம். சியோலில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்து, கொரியப் படங்களின் அதுவரையிலான வசூல் வரலாற்றை மாற்றி எழுதிய படம் அது. அதற்கு மூலம் ஹோங் சோங்-யூ எழுதிய நாவல். அதற்கும் முன்னால் 1970களின் நடுப்பகுதியில் கிம்மின் பெயரைத் தலைப்பில் தாங்கிய அடிதடிப் படங்கள் வந்தன. இன்னும் பின்னே போனால் டோங்-ஆ வானொலி. அந்த நிலையம் 1969லிருந்து 1970 தொடக்கம் வரை, பேட்டித் தொடர் ஒன்றில் கிம்மையே உட்காரவைத்து அவருடைய வாழ்க்கையைச் சொல்லச் சொன்னது. ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. கரகரத்த குரலில், நிறுத்தாமல், தேர்ந்த கதைசொல்லிபோல அவர் பேசிக்கொண்டு போகிறார். அதற்கும் முன்னால் 1963ல் அவர் வெளியிட்ட நினைவு நூல் இருக்கிறது. நாடு பிறப்பதற்கு முந்தைய இரவு குருதியில் நனைந்தது என்று அறிவிக்கும் தலைப்பு அதற்கு.

ஆக, தொடரிலிருந்து கிளம்பி நாற்பது ஆண்டுகள் பின்னோக்கி நடந்தால், அந்தத் தெருச் சண்டைகளில் பெரும்பாலானவற்றின் ஆதிவடிவம் ஒரே மனிதரின் வாயில் போய் நிற்கிறது. வென்றவர், சாட்சி சொன்னவர், கதையைச் செப்பனிட்டவர் மூவரும் அவரே.

பத்திரிகைகள் மூடிய ஆண்டு

அப்படியானால் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் என்ன சொல்கின்றன? கொரியாவில் இதற்கு நல்ல வசதி உண்டு. நேவர் நிறுவனத்தின் செய்தித்தாள் நூலகத்தில் 1920 முதலான பழைய இதழ்கள் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. தேசிய வரலாற்று நிறுவனத்தின் தரவுத்தளத்தில் காலனியக் காலத்து ஆவணங்களும், 1945க்குப் பிந்தைய நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகத் தொகுத்த தொகுதிகளும் இருக்கின்றன. அன்றைய இதழ்கள் ஆட்களின் பெயரைச் சீன எழுத்தில் அச்சிட்டன. எனவே இன்றைய கொரிய எழுத்தில் பெயரைத் தட்டித் தேடினால் பாதி வேலைதான் நடக்கும். சீன எழுத்தில் தேட வேண்டும். மங்கிய அச்சைக் கணினி தவறாகப் படித்திருக்கும் இடங்களில் பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு பக்கங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொண்டே போகையில் 1940 ஆகஸ்டில் ஒரு சுவர் எழும்புகிறது. டோங்-ஆ இல்போ, சோசன் இல்போ என்ற இரண்டு பெரிய கொரிய நாளிதழ்களையும் ஜப்பானிய அரசு அந்த மாதம் மூடவைத்தது. அதற்குப் பிறகு 1945 வரை அரசின் குரலான மேயில் ஷின்போ மட்டுமே கொரிய மொழியில் வந்த நாளிதழ். கிம்முக்கு அப்போது வயது 22. தொடர் அவரை ஜோங்னோவின் முடிசூடா மன்னனாகக் காட்டும் ஆண்டுகளின் கணிசமான பகுதி, சுதந்திரமான செய்தித்தாள் ஒன்றுகூட இல்லாத ஆண்டுகள். வீரக்கதைக்கு இதைவிட வளமான நிலம் வேறு கிடைக்காது. மறுத்துச் சொல்ல அச்சில் ஆளில்லை.

கிடைக்கும் துணுக்குகளோ கதையைத் தொந்தரவு செய்கின்றன. திரைப்படத்தில் ஜப்பானிய தாதாவாக வரும் ஹயாஷியின் கொரியப் பெயர் சோனு யோங்-பின். காலனிய நகரத்தில் பெயரை மாற்றிக்கொண்டு, ஆள்வோர் பக்கம் நின்று தொழில் செய்த கொரியர் அவர். கிம்மின் பெயரும் 1943ல் ஜப்பானியப் போர் முயற்சிக்காக அமைந்த ‘பான்டோ தொண்டர் படை’யோடு சேர்ந்துதான் வருகிறது. தன் ஆட்களைக் கட்டாய ஆள்சேர்ப்பிலிருந்து காப்பாற்றவே அதில் இறங்கியதாக அவர் தரப்பு விளக்கம் உண்டு. அந்த விளக்கத்தை ஏற்றாலும்கூட, கொரியன் ஒரு பக்கம் ஜப்பானியன் மறு பக்கம் என்று திரை கிழித்த நேர்கோடு ஆவணத்தில் இல்லை. ஆள்வோருடன் பேரம் பேசிப் பிழைத்த பலருள் ஒருவர்தான் அங்கே தெரிகிறார்.

ஆவணம் தடிக்கும் இடம்

1945 ஆகஸ்டில் விடுதலை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பத்திரிகைகள் மறுபடி முளைக்கின்றன. அமெரிக்க ராணுவ ஆட்சியின் காகிதங்கள் குவிகின்றன. கிம் முதலில் இடதுசாரிப் பக்கம் சாய்ந்த இளைஞர் படையில் இருந்தார். பிறகு வலதுசாரிப் பக்கம் தாவி, தேகான் ஜனநாயக இளைஞர் சங்கத்தின் கண்காணிப்புப் பிரிவுக்குத் தலைவரானார். மஞ்சூரியாவில் சிங்ஷான்லி போரில் ஜப்பானியப் படையை எதிர்த்து நின்ற ஜெனரல் கிம் ஜ்வா-ஜின்னின் மகன் என்று அறியப்பட்டவர் இவர். அந்த ஜெனரல் 1930 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டது ஒரு கம்யூனிஸ்ட் இளைஞன் என்று தெரிந்ததால்தான் அணி மாறினேன் என்பது கிம் தந்த காரணம்.

இங்கே இரண்டு பெயர்களில் என் தேடல் நின்றது.

ஒருவர் நாடக நடிகர் ஷிம் யோங். இடதுசாரிக் கலைஞர். 1946 மார்ச்சில் சியோலில் நாடகம் முடித்துத் திரும்பும் வழியில் கிம்மின் ஆட்களால் சுடப்பட்டார். உயிர் பிழைத்தார். பிறகு வடக்கே போய், 1971ல் அங்கேயே இறந்தார். தொடரின் 64ஆவது அத்தியாயம் அந்தக் குண்டை அடிவயிற்றுக்குக் கீழே இறக்கி, ஆண்மை போய்விட்டதாக மருத்துவமனைக் கட்டிலில் அவரை அலறவைக்கிறது. அந்தச் சில நொடிகள் இணையத்தில் கேலித் துணுக்காகி, பல ஆண்டுகளாக ஓயாமல் சுற்றுகின்றன. மேடையில் ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்ட கலைஞரை, கருத்துக்காகச் சுடப்பட்ட மனிதரை, இன்றைய கொரிய இளைஞர்களில் பலர் அந்த அலறலால் மட்டுமே அறிவார்கள். எனக்கு இது பெரிய அநீதியாகப் படுகிறது. துப்பாக்கி செய்யாததைத் திரைக்கதை செய்திருக்கிறது.

மற்றவர் ஜோங் ஜின்-ர்யோங். கிம்மோடு முன்பு ஒரே இளைஞர் படையில் இருந்தவர். இடதுசாரிப் பக்கமே நின்றவர். 1947 ஏப்ரலில் கிம்மின் ஆட்கள் இவரையும் தோழர்களையும் பிடித்துக்கொண்டுபோய் அடித்தார்கள். இவர் இறந்தார். அமெரிக்க ராணுவ நீதிமன்றம் கிம்முக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தண்டனை நிறைவேறவில்லை. 1948 ஆகஸ்டில் கொரியக் குடியரசு அமைந்தபின் அவர் வெளியே வந்தார்.

இந்தச் சம்பவத்தை வெவ்வேறு காலங்கள் எப்படிக் கையாண்டன என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் வேட்டையின் மையம் பிடிபட்டது. 1963லும் 1969லும் கம்யூனிஸ்ட்டைக் கொன்றேன் என்பது வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளத்தக்க பெருமை. பனிப்போர் உறைந்திருந்த நாட்டில் அதற்குத் தண்டனை கிடையாது, மரியாதை உண்டு. ஆகவே கிம் அதை மறைக்கவில்லை, பெருக்கிச் சொன்னார். 2002ல் ராணுவ ஆட்சிகள் போய், இரு கொரியத் தலைவர்களும் சந்தித்துக் கைகுலுக்கியாகிவிட்டது. அதே கொலை இப்போது கதாநாயகனின் மேல் கறை. எனவே தொடர் ஜோங்கின் பெயரைச் சற்றே மாற்றி, பாலத்தடியில் ஒன்றாகப் பசித்துக் கிடந்த சிறுவயதுத் தோழன் ஆக்கியது. காலம் பிரித்த நண்பர்களின் சோகமாகக் கொலை உருமாறியது. பார்வையாளர் அழலாம். குற்றவாளி யார் என்று கேட்கத் தேவையில்லை.

சுருக்கெழுத்தர் முன்னால்

1954 மே தேர்தலில் ஜோங்னோ தொகுதியில் சுயேச்சையாக நின்று கிம் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் சிங்மன் ரீயின் ஆட்சி, முதல் அதிபர் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்று அரசியலமைப்பைத் திருத்த முனைந்தது. 203 பேர் கொண்ட அவையில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 135.33. கிடைத்த ஆதரவு 135. தோற்றது என்று அறிவித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து, பின்னத்தை விட்டுவிட்டால் 135 போதும் என்று வென்றதாக அறிவித்தார்கள். கிம் அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்களில் ஒருவர்.

1965 நவம்பர் இடைத்தேர்தலில் யோங்சான் தொகுதியிலிருந்து மறுபடி அவைக்கு வந்தார். 1966 செப்டம்பரில் சாம்சங் குழுமத்தின் உர நிறுவனம் கட்டுமானப் பொருள் என்ற பேரில் 55 டன் அளவுக்குச் சாக்கரின் மூலப்பொருளைக் கடத்தி வந்தது வெளியானது. அரசுக்கும் பெருமுதலாளிக்கும் இருந்த உறவு நாட்டையே கொந்தளிக்கவைத்தது. செப்டம்பர் 22 அன்று கிம் பேச எழுந்தார். நீண்ட நேரம் பேசினார். பார்க் சுங்-ஹீ ஆட்சியைச் சாடினார். பிறகு கையில் கொண்டுவந்திருந்த மலத்தை, இதுதான் மக்கள் தரும் சாக்கரின் என்ற பொருள்படச் சொல்லி, பிரதமர் சுங் இல்-க்வோனும் அமைச்சர்களும் இருந்த வரிசையின் மேல் வீசினார். பகோடா பூங்காவின் பொதுக் கழிப்பிடத்திலிருந்து எடுத்து வந்ததாகச் சொன்னார். அதே நாளில் சாம்சங் நிறுவனர் லீ பியுங்-சல் அந்த உர நிறுவனத்தை அரசுக்கு ஒப்படைப்பதாக அறிவித்தார். அமைச்சரவை கூண்டோடு விலக முன்வந்தது. கிம் பதவியிழந்து சிறைக்குப் போனார்.

தொடரும் இந்தக் காட்சியை எடுத்திருக்கிறது. ஆனால் அவைக் குறிப்பைப் படிப்பது வேறு அனுபவம். சுருக்கெழுத்தர் பதிவுசெய்த அந்தப் பேச்சுக்குக் கிம் மட்டுமே சாட்சி அல்லர். முழு அவையும் சாட்சி, மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் சாட்சி. முறையான படிப்பில்லாத ஒருவர், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே, ஒரு சர்வாதிகாரியின் அமைச்சர்கள் முன்னால் நின்று பேசியிருக்கிறார். இந்தத் துணிச்சலுக்குக் கற்பனை தேவைப்படவில்லை.

தேடல் சொல்வது

ஆவணங்களை வரிசையாக வைத்தால் ஒரு விதி தெரிகிறது. எங்கே காகிதம் மெலிந்திருக்கிறதோ அங்கே தொடர் மிக உறுதியாகப் பேசுகிறது, மக்களும் அங்கேதான் மிக அதிகமாகத் திரண்டார்கள். காகிதம் தடித்த இரண்டாம் பாகத்துக்கு வந்ததும் பார்வையாளர் குறைந்தார்கள். தெருவில் ஜப்பானியனை அடித்த வீரன் எல்லோருக்கும் வேண்டும். சொந்த நாட்டுக்காரனை அடித்துக் கொன்ற கூட்டத்தின் தலைவன், பிற்பாடு சொந்த நாட்டு அதிகாரத்தை எதிர்த்தும் நின்றான் என்ற சிக்கலான உண்மை அவ்வளவு சுலபமாக இறங்காது. ஆனால் கிம் டூ-ஹான் என்ற மனிதர் இருப்பது அந்தச் சிக்கலில்தான். அவருடைய குற்றத்துக்கும் ஆவணம் உண்டு, துணிச்சலுக்கும் ஆவணம் உண்டு. இரண்டையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதும் நேர்மைதான் வரலாற்றுத் தொடர் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் எதற்கும் குறைந்தபட்சக் கடன்.

இந்தத் தேடல் என்னைக் கிம்மிடமிருந்து நகர்த்திவிட்டது. அவர் தன் கதையைத் தானே சொல்லிவிட்டார். அதற்கு நூல் உண்டு, வானொலி உண்டு, திரைப்படங்கள் உண்டு, 124 அத்தியாயங்களும் உண்டு. ஷிம் யோங்குக்கும் ஜோங் ஜின்-ர்யோங்குக்கும் அப்படி எதுவும் வாய்க்கவில்லை. அவர்கள் பிறர் கதையில் சில நிமிடங்கள் வந்துபோகிறார்கள். 1946, 1947 ஆண்டுகளின் நாடக விளம்பரங்கள், சங்க அறிக்கைகள், நீதிமன்றச் செய்திகள் எல்லாம் அதே தரவுத்தளங்களில் தேதிவாரியாக இருக்கின்றன. இனி நான் படிக்கப்போவது அவற்றை. சுட்டவன் சொன்ன கதையை நாடு மனப்பாடமாக வைத்திருக்கும்போது, சுடப்பட்டவனின் கதையை எழுதுவதே ஆய்வாளன் செய்ய வேண்டிய அடுத்த வேலை.