ஐம்பத்தைந்து குதிரைகள்

முகூர்த்த மாதம் பிறந்தால், ஆரணியின் பட்டுக்கடைகள் முன்னால் நிற்கும் கார்களைப் பார்த்தே வியாபாரம் எப்படி என்று சொல்லிவிடலாம். கல்யாணப் பட்டு எடுக்க யாரும் தனியாக வருவதில்லை. பெண்ணின் அம்மா, அத்தை, மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் ஒரு சித்தி, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து விலை பேசத் தெரிந்த ஒரு பெரியம்மா, மடியில் உட்கார இரண்டு குழந்தைகள். சுமோவும் இன்னோவாவும் வருவதற்கு முன்னால் இந்தப் படை மொத்தமும் ஓர் அம்பாசடரில் அடங்கியது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சமதளத்தில் அது முனகாமல் ஓடும். பட்டு எடுத்த கையோடு போளூர் தாண்டி ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் போகலாம் என்று யாராவது ஆசைப்பட்டால்தான் டிரைவரின் முகம் மாறும். "ஒன்பது பேரோட மேட்டுல இழுக்காதுங்க" என்பார்.

இழுவை என்பது வாடகைக் கார்க்காரரின் சொல். பந்தயக்காரரின் சொல் பிக்கப். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே இன்ஜின்தான். தமிழ்நாட்டு லேத் பட்டறைகள் அரை நூற்றாண்டு காலம் அந்த இரும்பை இந்த இரண்டு திசைகளிலும் மாறி மாறித் திருகிக்கொண்டிருந்தன.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் அதை வங்காளத்து உத்தரபாராவில் செய்யத் தொடங்கியபோது, வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் நிற்கும் பழைய 1476 சிசி இன்ஜின்தான் அதற்குள் இருந்தது. 1959இல் வால்வுகள் தலைக்கு மேல் ஏறிய 1489 சிசி இன்ஜின் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசை. திறன் 55 குதிரை.

அந்த 55, இரும்பின் எல்லை கிடையாது. அதே 1489 சிசி பி-வரிசை இன்ஜின் அதே காலத்தில் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்து முதலில் 68 குதிரையும் பிறகு 72 குதிரையும் கொடுத்தது. பிளாக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு, அழுத்த விகிதம் கூடுதல், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் வேறு. அவ்வளவுதான். அம்பாசடருக்கு 55 போதும் என்பது தொழிற்சாலை எடுத்த முடிவு. மட்டமான பெட்ரோல், ஏழெட்டுப் பேர் பாரம், எந்த ஊரிலும் எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்ட வேண்டிய நிலைமை என்று அதற்குக் காரணங்களும் இருந்தன.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. குழித்தறி அதே குழித்தறிதான். அதன் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியை ஏற்றி, துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டால், நேற்று வரை சாதாரணக் கரை போட்ட தறி இன்று முந்தானை நிறைய மயிலும் மாங்காயும் போடும். கீழே இருக்கும் மரச்சட்டத்தை யாரும் மாற்றுவதில்லை. இன்ஜின் டியூனிங்கும் பெரும்பாலும் தலை சம்பந்தப்பட்ட வேலைதான்.

அந்த வேலை எப்படி நடக்கும்? சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அதன் அடிப்பரப்பைச் சீவுவார்கள். எரியும் அறை சிறுத்து, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை கூடுதலாக நெருக்கப்பட்டு, வெடிப்பு வலுவாகும். ஆனால் அளவு மீறிச் சீவினால், தீ முழுதாகப் பரவுவதற்குள் கலவையின் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொள்ளும். டக் டக்கென்று சத்தம் வரும். "நாக் அடிக்குது" என்று மெக்கானிக் சொல்வது அதைத்தான். அதைத் தாங்கும் சக்தி பெட்ரோலின் ஆக்டேன் எண்ணில் இருக்கிறது. 1980களில் நம் பங்க்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோலின் எண் 87. அதற்கு முன் இன்னும் கீழே. கலப்படக்காரர்கள் மண்ணெண்ணெய் சேர்த்தால் அதுவும் இறங்கிவிடும். எம்.ஜி.ஏ. போலச் சீவிய ஹெட்டை அந்த பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் அபாயம் இருந்தது. அதனால் ஊர்ப்புற மெக்கானிக்குகள் நேர் எதிராகப் போனார்கள்: டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பி, பொறி விழும் நேரமான டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார்கள். சத்தம் நின்றது, கூடவே கொஞ்சம் இழுவையும்.

அடுத்தது மூச்சு. பி-வரிசை ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே உள்வாயில்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு ஒரே துவாரத்தில் மூச்சு வாங்க வேண்டும். புகை வெளியேற மூன்று வாயில்கள், அதுவும் அதே பக்கத்தில். ஒற்றையடிப் பாதையில் இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வருவது மாதிரியான ஏற்பாடு. டியூன் செய்பவர் இந்த வாயில்களின் உட்சுவரில் வார்ப்பு விட்டுச்சென்ற சொரசொரப்பை மணிக்கணக்கில் தேய்த்து எடுப்பார். பாதையை எங்கே அகலப்படுத்தலாம், எங்கே தொடவே கூடாது என்பதை விரல் நுனிதான் சொல்லும். தவறிப்போய்க் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்தால் தண்ணீர் ஓடும் அறை திறந்துகொள்ளும். ஹெட் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவது, துளையைப் பெரிதாக்குவது. லேத்காரர்கள் இருபது, நாற்பது, அறுபது என்று எண் சொல்வார்கள். அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் அத்தனை பங்கு என்று அர்த்தம். தேய்ந்த சிலிண்டரை வட்டமாக்கத்தான் இந்த ரீபோர். ஆனால் அம்பாசடரின் 73 மில்லிமீட்டர் துளையில் அறுபது சாப்பிட்டால் 1489 சிசி ஏறக்குறைய 1552 ஆகிவிடும். தேய்மானத்தைச் சரிசெய்யப் போனவருக்குக் கேட்காமலே கிடைத்த 63 சிசி.

இந்தக் கைவேலைக்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் கரியை எரித்து வாயு எடுக்கும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தார். பேருந்தின் பின்புறம் அடுப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்ட தோற்றம். பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின் கரிவாயுவில் ஓடினால் திறனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விடும். போனதில் கொஞ்சமாவது மீட்க வேண்டுமானால் அழுத்த விகிதத்தைக் கூட்ட வேண்டும், பொறியை முன்னதாகக் கொடுக்க வேண்டும். வேகத்துக்காக யாரும் அன்று இன்ஜினைக் கிண்டவில்லை. வண்டி மேடேறினால் போதும் என்றிருந்தார்கள்.

வேகம் போர் முடிந்த பிறகு வந்தது, அதுவும் போர் விட்டுச்சென்ற இடத்திலேயே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியக் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். பணமும் இறக்குமதி வழியும் இருந்தவர்கள் வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன்னில் ஓடிய என்சைன் காரையே 1980களில் அங்கே கொண்டுவந்து ஓட்டினார். மற்றவர்களுக்கு நாட்டில் கிடைத்தவை மூன்று: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. காலையில் ஆபீஸ் போன கார், கதவின் உட்தகடும் பின்சீட்டும் கழற்றப்பட்டு, பந்தயத்துக்கு எண் ஒட்டிக்கொண்டு நின்றது.

இவற்றில் ஃபியட்டின் பூர்வீகம் கொஞ்சம் பெரிய இடத்துச் சங்கதி. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் 1100, பிறகு பத்மினி என்று பெயர் மாறியது. அதன் 1089 சிசி இன்ஜினின் மூலம் 1937ஆம் ஆண்டு இத்தாலியில் தாந்தே ஜகோசாவின் குழு வடிவமைத்த இன்ஜின். பிறந்தபோது 32 குதிரை. போர் முடிந்ததும் சிசிதாலியா என்ற சின்னக் கம்பெனி அதே ஃபியட் பாகங்களை வாங்கித் தேய்த்து, சீவி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் 60 குதிரைக்கு மேல் எடுத்தது. 1947 மில்லெ மில்லியா நெடும்பந்தயத்தில் ஐம்பதைத் தாண்டிய வயதில் தாசியோ நுவோலாரி அந்தக் கம்பெனியின் 1100 சிசி காரில் தன்னுடையதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிய இன்ஜின் ஒன்றுக்கு மட்டுமே பின்னால் வந்து இரண்டாமிடம் பிடித்தார். சென்னையில் பத்மினியின் ஹெட்டைச் சீவிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு நுவோலாரி பெயர் தெரியுமோ! ஆனால் அவர்கள் கண்டுபிடித்த வழிகள் அநேகமாக அதே வழிகள்தான், ஏனென்றால் இரும்பு அதே இரும்பு.

ஹெரால்டு நம்மூர்ப் பிள்ளை. மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் அதைச் செய்தது. 948 சிசி சின்ன இன்ஜின். அதே குடும்பத்தில் 1147 சிசிக்கு வளர்ந்த அண்ணன், ஒரே கார்புரேட்டரோடு ஹெரால்டில் 39 குதிரையும் இரட்டைக் கார்புரேட்டரோடு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் 63 குதிரையும் கொடுத்தான். இந்த வித்தியாசத்தைத் தேடித்தான் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஆட்கள் எண்ணெய்க் கையோடு குனிந்து கிடந்தார்கள்.

இதே கம்பெனிதான் பின்னால் பாடத்தைத் தலைகீழாகப் படித்தது. 1985இல் அது கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான உடம்பு. உள்ளே வைத்ததோ அதே கம்பெனியின் வேன்கார்டு கார் காலத்து 1991 சிசி பழைய இன்ஜின். பார்க்கப் பந்தயக் கார், ஓடினால் பால்வண்டி. மூன்றே ஆண்டில் கதை முடிந்தது. கம்பெனியும் சேர்ந்தே முடிந்தது.

சோழவரத்துக்குக் கோவையிலிருந்து வந்த பந்தயக்காரர் எஸ். கரிவர்தன் பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. நூற்பு இயந்திரம் ஓடும் ஊரில் நல்ல லேத்துக்கும் நல்ல கைக்கும் பஞ்சமில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, அதன் 796 சிசி இன்ஜினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அது பெயர் பெற்றது. மாருதி 800க்குக் கிட்டத்தட்ட 40 குதிரைதான், அம்பாசடரைவிடக் குறைவு. ஆனால் அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல் எடை. மாருதி அதில் பாதிக்குச் சற்று அதிகம். இருபது ஆண்டு ஹெட் சீவியும் கிடைக்காத வேகம், கடையில் வாங்கிய காரில் முதல் நாளே வந்துவிட்டது. சோழவரமும் 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் வந்ததோடு ஓய்ந்தது. கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார்.

ஆரணிப் பக்கத்தில் இதே ஆண்டுகளில் வேறொரு கணக்கு ஓடியது. டீசல் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் கீழே இருந்தது. 1980ஐ ஒட்டி அம்பாசடரிலேயே 1489 சிசி டீசல் வந்தது. திறன் 37 குதிரை. அது போதாதென்றவர்கள் பட்டறையில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மெட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். தாங்கியை வெட்டி வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, இரண்டு மூன்று நாள் வேலை. வண்டி முழுக்க நடுங்கும்; பின்சீட்டில் மடிமேல் வைத்த பட்டுப்புடவை அட்டைப்பெட்டியும் சேர்ந்து நடுங்கும். ஆனால் டீசலின் இழுவை குறைந்த சுற்றிலேயே வந்துவிடும். அதே ஒன்பது பேரோடு ஜவ்வாது மேட்டில் கியரைக் கீழே தட்டாமல் ஏறும்போது டிரைவருக்கு வருகிற சந்தோஷத்தைச் சோழவரத்துக்காரர் புரிந்துகொள்வது சிரமம். குதிரைகளை விற்றுவிட்டு எருமையை வாங்கிய வியாபாரம் அது. வாடகைக் கார்க்காரருக்கு அதில் நஷ்டமே இல்லை.

தொழிற்சாலையே கூடுதல் குதிரைக்கு வந்து சேர நேரமாயிற்று. 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடு அம்பாசடர் வந்தது, ஏறக்குறைய 75 குதிரை. எம்.ஜி.ஏ. அந்தக் கணக்கை நெருங்கி முப்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது. 2014 மே மாதம் உத்தரபாராவில் உற்பத்தி நின்றது.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் பெரிதாக மாறியிருக்கக் கூடாது, அப்படியிருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண்பலகை கிடைக்கும். அதனால் பழைய அம்பாசடரைத் தேடிப் பிடிக்கிறவர்கள் முதலில் செய்வது, மெட்டடோர் இன்ஜினை இறக்குவது. பிறகு புதுப்பேட்டையிலும் ஈரோட்டுப் பட்டறைகளிலும் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு விசாரிப்பது. எஸ்.யூ. கார்புரேட்டர் முழுசாகக் கிடைத்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம். ஒரு காலத்தில் வெட்டிப் போட்ட தாங்கியைத் திரும்ப வெல்டிங் வைத்து, சீவாத ஹெட்டாகப் பார்த்துப் பொறுக்கி, அப்பா காலத்தில் போதவில்லை என்று தூக்கியெறிந்த அதே 55 குதிரைக்குப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இறக்கிய டீசல் இன்ஜின் பட்டறைச் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது, கிணற்று மோட்டாருக்கு ஆகுமா என்று யாராவது விலை கேட்கும் வரை.