புள்ளியும் கோடும்

மார்கழி விடியலில் தேவாரத்துத் தெருக்களில் நடப்பவர் கண்ணில் முதலில் படுவன வாசல்களே. மேற்கே ஏலமலைச் சரிவு பனியில் மறைந்திருக்க, வாசல்தோறும் புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கோடுகள் துலங்கிக் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி மலரின் அட்டைக்காக அத்தகைய கம்பிக் கோலம் ஒன்றை மாணவர் ஒருவர் கைப்பேசியில் படமெடுத்து வந்தார். அட்டையில் அது அழகாகவே அமைந்தது. அதே படத்தை விழாப் பதாகைக்குப் பெரிதாக்கியபோது வளைவுகள் படிக்கட்டுகளாய் உடைந்தன. கோலமிட்ட மூதாட்டி பதாகையைப் பார்த்து, "ஏஞ்சாமி, கம்பியெல்லாம் அத்துக் கெடக்கு?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கான விடை கணினி வரைகலையின் வரலாற்றில் இருக்கிறது. படத்தைக் கணினியில் வைக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, படத்தைச் சிறு சதுரங்களாகப் பகுத்து ஒவ்வொன்றின் நிறத்தையும் குறித்து வைப்பது. 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் தம் குழந்தையின் நிழற்படத்தை 176க்கு 176 சதுரங்களாகக் கணினியில் ஏற்றினார். இரண்டாவது, கோடு செல்லும் வழியைக் கணக்காக வைப்பது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' இவ்வழியின் முன்னோடி. 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் கோட்டின் வழியையும், 1990இல் வந்த போட்டோஷாப் சதுரத்தின் வழியையும் அச்சகங்களுக்குக் கொண்டுவந்தன.

இவ்விரு வழிகளையும் நம் கோலத்திலேயே நடந்து பார்த்தவர்கள் உண்டு என்பது நம்மில் பலர் அறியாதது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுரை வெளியிட்டனர். அதில் கோலம் நிரைகளும் நிரல்களும் கொண்ட கட்டமைப்பாகக் கொள்ளப்பட்டது. 1987இல் சிரோமணி இணையர் வெளியிட்ட மற்றோர் ஆய்வுரை, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கம்பிக் கோலத்தின் கோட்டைப் பின்தொடர்ந்தது. முன்னே செல், இடம் வளை, வலம் வளை என்னும் அசைவுகளின் வரிசையே அங்குக் கோலமாயிற்று.

கோலத்தின் புள்ளியைக் கணினியின் படப்புள்ளியோடு மயக்கிக்கொள்ளலாகாது. கணினியில் புள்ளிகள் கூடியதே படம். கோலத்திலோ புள்ளி கோட்டுக்குத் துணை மட்டுமே. வாசல் பெரிதானால் புள்ளிகளைத் தள்ளி வைப்பர், கோடு அறுவதில்லை. வெக்டார் மென்பொருளில் வளைவைத் தாங்கும் புள்ளிகளும் இவ்வாறே இயங்குகின்றன. ஆகவே எழுத்து, இலச்சினை, கோலம் போன்று எந்த அளவிலும் நிற்கவேண்டியவற்றுக்குக் கோட்டு மென்பொருளே தக்கது. முகத்தின் நிழலுக்கும் மலையின் மூட்டத்துக்கும் சதுரங்களே தக்கவை; அவற்றைக் கோட்டில் அடைக்க முயல்வது வீண்.

மறுவாரம் அம்மாணவர் மூதாட்டியின் அருகமர்ந்து, அவர் விரல் சென்ற வழியே இங்க்ஸ்கேப்பில் கோட்டை வரைந்தார். முதல் சுற்றில் கோடு ஓரிடத்தில் முட்டி நின்றது. "அங்க திரும்பக் கூடாதுய்யா" என்று சொல்லி, அவர் தரையில் மீண்டும் போட்டுக் காட்டினார். அன்றைய மாவின் நொறுங்கலையும் அவர் கையின் நடுக்கத்தையும் காட்டும் நிழற்படம் எங்களிடம் இன்றும் உள்ளது. ஆயினும் அக்கோலத்தை இனி ஒருத்தி தன் வாசலில் போடவேண்டுமானால், அவளுக்கு உதவப்போவது அந்தக் கோடுதான்.