உப்பிய முகத்தின் வரலாறு

என் அக்காவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். மருந்துச் சீட்டில் கீமோ ஊசிகளுக்குக் கீழே கடைசி வரியாக இருந்தது பிரெட்னிசலோன்: 100 மில்லிகிராம், ஐந்து நாள், காலைச் சாப்பாட்டுக்குப் பின். ஊசிகளின் பெயரைக் கண்டு நடுங்கிய வீடு அந்த வரியைக் கவனிக்கவில்லை. ஆஸ்துமாவுக்கும் கொடுக்கிற மாத்திரைதானே என்று விட்டுவிட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் பயம் அந்தக் கடைசி வரியில்தான். அது ஸ்டீராய்டு.

கீமோ, ஸ்டீராய்டு இரண்டின் கதையிலும் வரும் 1948ஆம் வருஷத்தை மருந்துத் தொழிலில் இருந்தவர்கள் மறக்க முடியாது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் உருவானது அமினோப்டெரின். அதைக் கொடுத்ததில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் சிலருக்கு நோய் கொஞ்ச காலம் அடங்கியது என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அந்த ஜூனில் எழுதினார். ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார், வயது 53. செப்டம்பரில், மேயோ மருத்துவமனையில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த இளம்பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஒரு வாரத்தில் அந்தப் பெண் எழுந்து கடைவீதிக்குப் போய் வந்தார். மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் கடந்து எடுத்த மருந்து அது. 1950இல் அட்ரினல் சுரப்புகளை ஆராய்ந்த ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பக்கவிளைவுகள் பிறகுதான் தெரியவந்தன என்று நினைப்பது சரியல்ல. முகம் வட்டமாக உப்புவது, வயிறு பெருப்பது, கை கால் மெலிவது, எலும்பு தேய்வது எல்லாவற்றையும் 1932லேயே டாக்டர் ஹார்வி குஷிங் எழுதி வைத்துவிட்டார். உடம்பிலேயே அட்ரினல் சுரப்பு மிதமிஞ்சிப் போனவர்களைப் பார்த்து எழுதியது அது. மருந்து வருவதற்குப் பதினாறு வருஷம் முன்பே அந்த முகம் மருத்துவர்களுக்குப் பழக்கம்.

அட்ரினல் சுரப்பு நிணநீர்த் திசுவைச் சுருக்கும் என்பது 1940களில் தெரியவந்தது. அந்த வழியாகவே ஸ்டீராய்டு புற்றுநோய் சிகிச்சைக்குள் நுழைந்தது. 1955இல் வந்த பிரெட்னிசோனும் பிரெட்னிசலோனும் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குவதைக் குறைத்தன. மற்ற தொல்லைகள் அப்படியே தங்கிவிட்டன. அதற்கு முந்தைய வருஷம்தான் அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்திருந்தது. 1980களில் டாக்டர் சாந்தா இயக்குநராக இருந்த காலத்தில் அங்கும், மும்பை டாடா மருத்துவமனையிலும், டெல்லி எய்ம்ஸிலும் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கொண்டுவந்தார்கள். அதிலும் பிரெட்னிசலோன் உண்டு. எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்த மருந்து. அதை வில்லனாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அது வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை வீட்டாருக்கு யார் சொல்கிறார்கள்? எங்களுக்குக் கொடுத்த தாளில் ஊசிகளைப் பற்றி எல்லாம் இருந்தது, மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரவு இரண்டு மணிக்கு அக்கா சமையலறையில் பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்கிக்கொண்டிருப்பாள். தூக்கமே வராது, பேச்சு நிற்காது, பசி அடங்காது. ஆறாம் நாள் மாத்திரை நின்றதும் எழுந்து உட்காரவே தெம்பிருக்காது. இது நோய் முற்றிய அறிகுறியோ என்று மாமா அழுதார். மருந்து நின்றதால் வரும் தளர்ச்சி என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சர்க்கரையும் அப்படித்தான். வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாக இருக்கும். காலையில் போட்ட மாத்திரை மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். சாயங்காலம் குத்திப் பார்த்தபோதுதான் முந்நூறைத் தாண்டியது தெரிந்தது. டாக்டர் இன்சுலின் சேர்த்தார்.

தேனுபுரீஸ்வரர் கோயிலில் தெரிந்த அம்மா ஒருவர், “கன்னமெல்லாம் சதை போட்டிருக்கே, உடம்பு தேறிடுச்சு போல” என்றார். அக்கா சிரித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கண்ணாடிக்கு எதிரே அவள் நிற்கவில்லை. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அந்த உப்பல் வடியும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த வேதனை பாதியாகியிருக்கும்.

எங்கள் தாம்பரம் பக்கத்தாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைக் குறைப்பதால் உள்ளே உறங்கும் டி.பி. விழித்துக்கொள்ளலாம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எப்போதாவது டி.பி. இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மாத்திரையைக் காலையிலேயே, சாப்பிட்ட பிறகு போடுங்கள். இரவுத் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. காய்ச்சல் வந்தாலோ, வாயில் வெள்ளை படிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாரக்கணக்கில் போட்டுவரும் மாத்திரையை முகம் உப்புகிறதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சொந்தச் சுரப்பு அதற்குள் ஓய்ந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.