அடுத்த கைக்குப் போகும் கார்: இந்தியரின் வண்டித் தேர்வில் மறுவிற்பனை மதிப்பு, 1954–2025

1967 ஜூன் மாதம் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற இளம் பொருளியலாளர் ஓர் ஆய்வுரையை அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். பிறகு டெல்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஓராண்டு பணியாற்ற வந்தார். இந்தியாவில் இருந்தபோதே கட்டுரையை வெளியிட இயலாது என்ற பதில் அவருக்குக் கிடைத்தது. மேலும் இரண்டு இதழ்கள் கைவிரித்த பின் 1970இல் அச்சேறிய அந்த ஆய்வுரைதான் 2001இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத் தந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்ச் சந்தை. கடையை விட்டு வெளியே வந்த மறுநாளே புதுக் காரின் விலை ஏன் சரிகிறது? வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எந்தப் பழைய வண்டியையும் சந்தேகத்தோடு பார்த்து விலையைக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது சொத்தை வண்டிகள்.

அவர் தங்கியிருந்த டெல்லியிலோ அந்நாளில் நடந்தது வேறு. ஓரிரு ஆண்டு ஓடிய ஃபியட் கார், புது வண்டிக்கு அரசு ஒப்புக்கொண்ட விலையைக் காட்டிலும் கூடுதலாக விலைபோயிற்று. சொத்தையோ நல்லதோ, கையில் உடனே கிடைக்கிற வண்டிக்கு மதிப்பு.

இந்தியர் விலையையும் மைலேஜையும் மட்டுமே பார்த்து வண்டி எடுக்கிறார் என்பது சந்தை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. அது பாதி உண்மைதான். ‘நாளைக்கு விற்கப் போனால் இதை யார் எடுப்பார்?’ என்ற கேள்வி, கடந்த எழுபது ஆண்டுகளில் இங்கே கார்த் தேர்வைப் பெரிதும் நடத்தியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். கேள்வி மாறவில்லை. அதற்கு விடை சொல்லும் இடம்தான் மாறிக்கொண்டே வந்தது.

வரிசையில் நின்ற காலம்

1953இல் சுங்கவரி ஆணையம் தந்த பரிந்துரையிலிருந்து தொடங்கலாம். உதிரி பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் தொடரலாம் என்றது அது. பம்பாயில் 1928 முதல் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டும் 1954இல் கடையைக் கட்டின. கார்களில் மிஞ்சியவர்கள் மூவர்: உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். கார் ஆடம்பரப் பொருள், லாரியும் பஸ்ஸும்தான் நாட்டுக்குத் தேவை என்று கருதிய அரசு, இம்மூவரும் எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்தது. 1959இல் கார்களின் பகிர்மானத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் ஆணை வந்தது. 1969இல் விலையையும் சட்டப்படி அரசே நிர்ணயித்தது. அதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

விலையை அமுக்கிப் பிடித்து, எண்ணிக்கையையும் அமுக்கினால் வரிசை நீளும். முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்கு எந்தக் கார் பிடிக்கும் என்று கேட்பாரில்லை. எது முதலில் கிடைக்கிறதோ அதுதான் தேர்வு. காத்திருக்க முடியாதவர் பழைய வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்தார். அவர் உண்மையில் வாங்கியது வண்டியோடு சேர்த்துச் சில ஆண்டுகளை. வெளிநாட்டுக் கார் வேண்டும் என்ற பணக்காரருக்கும் அப்போது பழைய வண்டிதான் வழி. தூதரக அதிகாரிகள் நாடு திரும்பும்போது விட்டுச்சென்ற கார்களை அரசு வணிகக் கழகம் ஏலத்தில் விற்றது. சினிமா நட்சத்திரங்களின் வாசலில் நின்ற பல ‘ஃபாரின் கார்கள்’ இப்படி இரண்டாம் கையாக வந்தவை.

இந்தத் தட்டுப்பாட்டிலும் மூவரின் வண்டிகளுக்கும் ஒரே மதிப்பில்லை. இங்கேதான் விஷயம் சுவையாகிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்து 1957இல் அறிமுகமான இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், கனத்த தகடும் எளிய எஞ்சினும் கொண்டது. எந்த ஊர்ச் சந்தையிலும் அதற்கு ஸ்பேர் கிடைத்தது. எந்த மெக்கானிக்கும் கைவைக்கத் தயங்கவில்லை. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டவர்கள்கூட உண்டு. 1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டோ அழகான வண்டி. முன்பக்க மூடி முழுவதும் தூக்கித் திறக்கும், வளைவில் சட்டென்று திரும்பும். பிரிட்டிஷ் மூலக் காரில் இல்லாத நான்கு கதவு வடிவத்தையும் சென்னைக்காரர்களே பின்னாளில் உருவாக்கினார்கள். ஆனால் அதன் பின்சக்கர அச்சு நம் சாலைகளில் தொல்லை தந்தது. அடுத்து வந்த கெஸல் காரில் அந்த அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அழகை ரசித்தவர்கள் ஹெரால்டு வாங்கினார்கள், விற்பதை யோசித்தவர்கள் அம்பாசடர் வாங்கினார்கள் என்று சொன்னால் சற்றே மிகையாக இருக்கும், பொய்யாக இருக்காது. ஸ்டாண்டர்டு 2000 என்ற கடைசி முயற்சி 1985இல் வந்தது. நிறுவனம் 1988இல் மூடப்பட்டது. அம்பாசடர் 2014 மே வரை உற்பத்தியில் இருந்தது.

மெக்கானிக்கின் வாக்கு

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800இன் முதல் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். விலை 47,500 ரூபாய். அதற்கு முன்பே 10,000 ரூபாய் கட்டிப் பதிந்தவர்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அதனால் முதல் ஓரிரு ஆண்டுகள் பழைய கதையே தொடர்ந்தது: ஒதுக்கீடு கிடைத்தவர் சாவியைக் கைமாற்றி லாபம் பார்த்தார். உற்பத்தி பெருகப் பெருக அந்த லாபம் கரைந்தது. வியப்பு என்னவென்றால், தட்டுப்பாடு போன பிறகும் மாருதியின் மறுவிற்பனை மதிப்பு நிலைத்து நின்றது.

காரணம், நிறுவனம் வண்டியோடு சேர்த்து ஒரு பராமரிப்பு வலையையும் விற்றது. சிற்றூர்களிலும் சர்வீஸ், முத்திரையிட்ட அசல் பாகம், அவ்வண்டியோடு பழகிய ஆயிரக்கணக்கான தனி மெக்கானிக்குகள். ஒரே வடிவம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் ஓடியதால், பத்தாண்டு பழைய வண்டிக்கும் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. புதுமை வராதது குறை என்று வாகன இதழ்கள் எழுதின. வாங்கியவருக்கு அதுவே பாதுகாப்பு. அகெர்லாஃப் சொன்ன அறியாமை இங்கே பெருமளவு குறைந்துபோயிற்று. பழைய மாருதி வாங்கப் போகிறவர் தன்னுடன் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போவார். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, கதவு இடுக்கில் பட்டி பார்த்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ‘எடுக்கலாம்’ என்றால் எடுப்பார். தெரியாத வண்டி என்றால் அதே மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலில் பல நல்ல கார்கள் தோற்றிருக்கின்றன. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்பதற்குள் மாருதி 800 இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது.

கடன் கொடுப்பவரும் இதே கண்ணோடுதான் வண்டியைப் பார்க்கிறார். சென்னையில் 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் பஸ், லாரிகளுக்குத் தவணைக் கடன் தந்து வளர்ந்தது. ஸ்ரீராம் குழுமம் 1979 முதல் பழைய லாரிகளுக்கே கடன் தந்து பெரிதானது. தவணை நின்றால் பிடித்து வந்த வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது இத்தொழிலின் அடிப்படைக் கணக்கு. எளிதில் விலைபோகாத மாடலுக்குக் கடன் தொகை குறையும். தொண்ணூறுகளின் இறுதியில் வங்கிகள் கார்க் கடனில் இறங்கியபோது இந்தக் கணக்கு நடுத்தரக் குடும்பத்தின் தேர்வுக்குள்ளும் புகுந்தது.

கம்பெனி இருக்குமா?

1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானது. 1998இல் மூன்று சிறு கார்கள் ஏறத்தாழ ஒன்றாகக் களமிறங்கின: ஹூண்டாய் சான்ட்ரோ, டேவூ மாட்டிஸ், டாடா இண்டிகா. முதலிரண்டும் கொரிய நிறுவனங்களுடையவை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டிய ஹூண்டாயை இங்கே யாருக்கும் தெரியாது. அதை ஒளிக்காமல், ‘யார் நீங்கள்? உங்களை எப்படி நம்புவது?’ என்று ஷாருக் கானே கேட்பது போல விளம்பரத்தை அமைத்தது அந்நிறுவனம். வாங்குபவரின் அச்சம் வண்டியைப் பற்றியதன்று, வண்டிக்குப் பின்னால் நிற்பவரைப் பற்றியது என்று விளம்பரக்காரர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

மாட்டிஸ் பலர் கண்ணுக்கு அவற்றில் அழகானது. ஆனால் 2000 நவம்பரில் டேவூ மோட்டார் கொரியாவிலேயே திவாலானது. சில ஆண்டுகளில் இந்திய உற்பத்தியும் நின்றது. வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே அதன் மதிப்பு இறங்கியது. டேவூவை வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், மாட்டிஸின் அடுத்த தலைமுறையை 2007இல் செவ்ரோலே ஸ்பார்க் என்று இங்கே கொண்டுவந்தது. 2017 இறுதியில் செவ்ரோலேயும் இந்தியச் சந்தையை விட்டு வெளியேறியது. ஒரே குடும்பத்துக் கார் இருமுறை அநாதையானதை எங்கள் பக்கத்தில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது அதன் மறைமலை நகர் ஆலைத் தொழிலாளர்கள் வேலைக்காகப் போராடினார்கள். வண்டி வைத்திருந்தவர்களின் கவலை ஸ்பேர் பற்றியது. சர்வீஸ் தொடரும் என்று நிறுவனம் சொல்லியும் பழைய ஃபோர்டுகள் விலை இறங்கின. அவற்றின் கெட்டியான கட்டுமானத்தை விரும்பியவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

டாடா நானோவின் தோல்வியையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். 2009இல் அது வெளியானபோது முன்பதிவு இரண்டு லட்சத்தைத் தாண்டியது. முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கலில் தேர்ந்தார்கள். சில வண்டிகள் தீப்பிடித்ததும், மேற்கு வங்கத்துச் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சாணந்துக்கு ஆலை மாறியதால் நேர்ந்த தாமதமும் பரவலாகச் சொல்லப்படும் காரணங்கள். ‘மலிவான கார்’ என்ற பெயரே களங்கமாகிவிட்டது என்று ரத்தன் டாடாவும் பின்னாளில் சொன்னார். அதோடு இன்னொன்றும் உண்டு: ஏறக்குறைய அதே பணத்துக்கு ஓரளவு நல்ல நிலையில் ஒரு பழைய மாருதி கிடைத்தது. ‘இருப்பதிலேயே மலிவு’ என்று பெயர் வாங்கிய வண்டியை இரண்டாம் கையாக வாங்க யார் வருவார்? ஸ்கூட்டரில் நால்வராகப் போகும் குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட அந்தக் கார், அக்குடும்பம் பணம் போட அஞ்சிய கார் ஆகிவிட்டது. 2018இல் அதன் உற்பத்தி நடைமுறையில் முடிந்தது.

விதி எழுதும் விலை

அண்மைக் காலத்தில் ‘யார் எடுப்பார்?’ என்ற கேள்விக்கு விடை சொல்வது பெரும்பாலும் அரசு. 2006இல் நான்கு மீட்டருக்குக் குறைந்த சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைந்ததும், டிக்கி வெட்டிய குட்டி செடான்கள் என்ற ஒரு புது இனமே பிறந்தது. 2010இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, டீசலுக்கு 2014 வரை நீடித்ததால், மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர்களும் டீசல் வண்டிக்கு ஓடினார்கள். பிறகு டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. டெல்லியில் விலை விழுந்த வண்டிகள் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்குக் கிளம்பின. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது.

பழைய கார் விற்பனையும் கடை வடிவம் பெற்றிருக்கிறது. மாருதி 2001இல் ட்ரூ வேல்யூவைத் தொடங்கியது. 2015 முதல் கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை வந்தன. உத்தரவாதம், பெயர் பெற்ற கடை, சான்றிதழ் ஆகியவை சந்தேகத்துக்கு மருந்தாகும் என்று அகெர்லாஃபே எழுதியிருந்தார். ஆனால் சேலத்திலும் ஈரோட்டிலும் கன்சல்டிங் கடை வாசலில் இன்றும் பேரம் சிங்கிள் ஓனரா, ஓன் போர்டா (வாடகைக்கு ஓடாத சொந்த வண்டியா) என்பதில்தான் தொடங்குகிறது. வெள்ளை நிறத்துக்குக் கிராக்கி. பதிவெண்ணின் கூட்டுத்தொகை 8 வந்தால் இறக்கிக் கேட்பவர்கள் உண்டு. பொருளியல் நூல்களில் இதற்கு அத்தியாயம் இல்லை.

என் வாதத்துக்கு ஒத்துவராத ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2014இல் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற வாகனப் பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதிப் பார்த்த ஐந்து இந்தியக் கார்களுக்கும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2018இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. விபத்தில் உயிர் பிழைப்பதற்காக வண்டி தேர்பவர் நாளைய விலையை முதலில் நினைப்பதில்லை. அப்படியானவர்கள் பெருகிவருகிறார்கள். மின்சாரக் காரிலோ பழைய அச்சம் புது உருவில் திரும்பியிருக்கிறது. பாட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை எந்த மெக்கானிக்கும் காது கொடுத்துக் கேட்டறிய முடியாது. 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்று நிறுவனங்கள் பாட்டரிக்கு உத்தரவாதம் தருவது அதனால்தான். 2025 செப்டம்பர் 22 அன்று சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி மலிந்தால் அதன் பழைய வண்டியும் மலியும் என்பது வைத்திருப்பவர்களுக்குக் கிடைத்த கசப்பான செய்தி.

இவ்வளவையும் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ தேவையான விலைத் தொடர் இன்னும் தொகுக்கப்படவில்லை. அதற்கான மூலம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஐம்பதுகள் முதல் நாளிதழ்களின் வரி விளம்பரங்களில் மாடலும் ஆண்டும் கேட்கும் விலையும் அச்சாகியிருக்கின்றன. கணினிக்கு முந்தைய பெயர்மாற்றப் பதிவேடுகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் இருக்க வேண்டும். பொருளியல், வரலாற்றுத் துறை ஆய்வு மாணவர்கள் சென்னைக் கன்னிமாரா நூலகத்து நாளிதழ்க் கட்டுகளிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். காகிதம் உதிர்வதற்குள் தொடங்க வேண்டும்.